ஒரு தெரு, ஒரு படையெடுப்பு: சாமானியர்கள் ஊரைக் காக்கும் படத்தைச் சென்னையில் எடுப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: வட சென்னையில் ஒரு தெரு. ஊருக்குள் அந்நியப் படை நுழைகிறது, தெருவாசிகள் தடுப்பு கட்டி எதிர்க்கிறார்கள். கறுப்பு வெள்ளையில், புதுமுகங்களை வைத்து ஒன்றரை மணி நேரக் கலைப்படம் எடுக்க ஆசை. பெரிய கூட்டத்துக்கும் வெடிகளுக்கும் பணம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

தெருவிலிருந்து தொடங்குங்கள். பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு சார்ட் தாளில் தெருவை வரையுங்கள். எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு, எந்த மொட்டை மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தாண்டலாம், அடிபம்பு எங்கே, டீக்கடை எங்கே, தண்ணீர் லாரி எந்த முனையில் நிற்கும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த வகைப் படம் தோற்பது பெரும்பாலும் பணத்தால் அல்ல. எதிரி எந்தப் பக்கமிருந்து வருகிறான், நம் ஆட்கள் எதைக் காக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குப் புரியாததால்தான் தோற்கிறது. தெருவை நன்றாகத் தெரிந்துகொண்ட பார்வையாளருக்கு, முனையில் ஒரு பூட்ஸ் சத்தம் கேட்டாலே போதும். தெரியாதவருக்கு நூறு துப்பாக்கி காட்டினாலும் ஒன்றும் ஆகாது.

பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். முன்னோடிப் படங்களே நெருக்கடியில் பிறந்தவைதான். இத்தாலிய இயக்குநர் ரோஸலினி 'ரோம், ஓப்பன் சிட்டி' படப்பிடிப்பை 1945 ஜனவரியில் தொடங்கியபோது, ஜெர்மன் படை ரோமை விட்டுப் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ரோமின் பெரிய சினெசிட்டா ஸ்டூடியோ அகதிகள் முகாமாக இருந்தது. படம் நிஜத் தெருக்களிலும் கிடைத்த இடத்தில் போட்ட செட்டிலும் உருவானது, ஒலி முழுவதும் பிறகு சேர்த்தது. பொன்டெகோர்வோவின் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) அல்ஜியர்ஸ் நகரின் பழைய பகுதியான கஸ்பாவின் சந்துகளிலேயே, அந்த ஊர் மக்களை வைத்தே எடுத்தது. முக்கிய வேடங்களில் தொழில்முறை நடிகர் என்றால் பிரெஞ்சுக் கர்னலாக வரும் ழான் மார்த்தான் ஒருவர்தான். அச்சு அசலாகச் செய்திப்படம் போல இருந்தாலும் அதில் ஒரு அடி செய்திப்படத் துண்டுகூடக் கிடையாது. நேப்பிள்ஸ் மக்கள் 1943 செப்டம்பர் 27 முதல் 30 வரை ஜெர்மன் படையை எதிர்த்துப் போராடியதை நன்னி லோய் 1962-ல் 'தி ஃபோர் டேஸ் ஆஃப் நேப்பிள்ஸ்' என்று படமாக்கினார். அந்த மக்களுக்கு மரியாதையாக நடிகர்கள் பெயரே டைட்டிலில் வராமல் நடித்தார்கள். இந்தக் கடைசி இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, மார்செல்லோ காட்டி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கேமரா எப்போது தெருவாசியின் தோள் உயரத்தில் இருக்கிறது, எப்போது மாடிக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே உங்களுக்குப் பாடம்.

கதையைச் சென்னை வரலாற்றோடு ஒட்ட வைக்கலாமா என்றால், யோசித்துச் செய்யுங்கள். 1758 டிசம்பர் 14 அன்று தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் கோட்டைக்குள் இருந்துகொண்டு 1759 பிப்ரவரி 17 வரை தாக்குப்பிடித்தார்கள். கொள்ளை போனது வெளியே இருந்த நம் ஜனங்களின் வீடுகள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டபோதும், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பேச்சு கிளம்பியபோதும் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அது கோழைத்தனம் அல்ல. காக்க வேண்டியவர்கள் கைவிட்ட ஊரில் மக்களுக்கு வேறு வழியில்லை. இந்த உண்மையை மறைத்து ஒரு வீரப்போரை வரலாறாகக் காட்டாதீர்கள். மாறாக இதையே கதையின் முதல் முடிச்சாக்குங்கள்: போவதா, இருப்பதா? ஒரே வீட்டில் மாமியார் போகலாம் என்கிறார், மருமகள் இருக்கலாம் என்கிறாள். சண்டைக்கு முன்னால் வரும் இந்தச் சண்டைதான் படத்தின் உயிர். ஆண்டைச் சொல்லாமல் விடுவதே என் பரிந்துரை. 18-ஆம் நூற்றாண்டு உடை, செட் செலவு மிச்சம், போன் இல்லாத ஏதோ ஒரு காலம் என்று பார்ப்பவர் தானாக ஏற்றுக்கொள்வார். படையெடுப்பவர்களுக்கு நிஜ நாடு, மொழி, மதம் எதையும் ஒட்டாதீர்கள். அவர்களுக்குள் பேசும் வார்த்தைகள் காதில் தெளிவாக விழாதபடி தூரத்தில் வையுங்கள்.

முதல் 25 நிமிடத்தில் ஒரு துப்பாக்கியும் வேண்டாம். அந்த நேரத்தில் தெருவை மூன்று முறை, மூன்று காரணத்துக்காக நடக்க வையுங்கள். காலையில் பால்காரரோடு ஒரு முறை, தண்ணீர்க் குட வரிசையோடு ஒரு முறை, இரவில் ஒரு குழந்தையைத் தேடிக்கொண்டு ஒரு முறை. பிறகு சண்டையில் பயன்படப்போகும் எல்லாப் பொருளும் இந்த நடையில் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். திசையையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். எதிரி எப்போதும் திரையின் வலப்பக்கமிருந்து வருகிறான் என்றால் கடைசி வரை அப்படியே. ஒரே ஒரு முறை, பின்சந்து வழியாக அவன் இடப்பக்கம் தோன்றும்போது மட்டும் அந்த விதியை உடையுங்கள். அந்த அதிர்ச்சிக்கு இசைகூடத் தேவைப்படாது.

இடத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் சந்துகள் அழகு, ஆனால் வார நாளில் லோடு வண்டி, கைவண்டி, மூட்டை தூக்குபவர்கள் என்று மூச்சு விட இடமிருக்காது. ஞாயிறு காலை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும்போது 5.30 முதல் 9.30 வரை நான்கு மணி நேரம் கிடைக்கும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் உள்தெருக்களில் கெடுபிடி கொஞ்சம் குறைவு. உங்களுக்குத் தேவை 10 முதல் 12 அடி அகலமும் ஒரு வளைவும் உள்ள தெரு. வளைவு மிக முக்கியம், நேர்த்தெருவில் எதிரி எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். வளைவுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றாலும் அறுபது பேர் என்று மனசு எண்ணிக்கொள்ளும். ஏசி பெட்டி, டிஷ், கேபிள் வயர், பிளெக்ஸ் எல்லாம் பெரும்பாலும் முதல் மாடி உயரத்தில்தான் இருக்கும். லென்ஸை நெஞ்சு உயரத்தில் வைத்து முதல் மாடிக்குக் கீழேயே ஃபிரேமை அடக்குங்கள். மீதியைச் சாக்குப் படுதாவும் காயப்போட்ட புடவையும் மறைக்கும்.

மாநகராட்சி, போக்குவரத்துக் காவல், உள்ளூர்க் காவல் நிலையம் மூன்றிடமும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் போட்டோவையும் அந்தக் கடிதத்திலேயே இணையுங்கள். அவற்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். சீருடையோடு யாரும் டீ குடிக்க மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. சீருடை காக்கியும் வேண்டாம், ராணுவப் பச்சையும் வேண்டாம், கரும் சாம்பல் நிறம் போதும். ட்ரோனை மறந்துவிடுங்கள். கோட்டை, துறைமுகம் பக்கத்தில் அனுமதி கிடைப்பது கடினம், தவிர மேலிருந்து பார்ப்பது எதிரியின் பார்வை. மொட்டை மாடி ஷாட் ஒன்று போதும்.

குழந்தைகள் நடித்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி, ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். மாட்டு வண்டியோ ஆடோ ஃபிரேமில் வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு சென்சாருக்குப் போகும்போது அந்தத் தாள் இல்லையென்றால் காட்சியையே வெட்ட நேரிடும்.

அடுத்து தடுப்பரண். இதற்காக மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆர்ட் டைரக்டர்கள் செய்யும் பொதுவான தவறு, அழகாக அடுக்குவது. தெருவாசிகள் பயத்தில் கட்டியது அழகாக இருக்காது, கனமானது கீழே, கைக்குக் கிடைத்தது மேலே என்றுதான் இருக்கும். அடியில் இரண்டு மீன்பாடி வண்டிகளைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அவற்றின் மேல் சாரம் கட்டும் பைப்பால் ஒரு சட்டம் போட்டு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். சட்டத்தை மறைத்து இரும்புக் கட்டில், பழைய கதவு, பீரோ, டீக்கடை பெஞ்ச், தார் பேரல், பிளாஸ்டிக் குடம், ஆட்டுக்கல். பழைய வண்டிக் கதவும் தகரமும் புதுப்பேட்டையில் எடைக்குக் கிடைக்கும், சாக்குக்கும் கயிறுக்கும் பாரிமுனை. கீழ் வரிசைச் சாக்கில் மட்டும் மணல், ஒன்று 25 கிலோவுக்கு மேல் வேண்டாம். மேல் வரிசையில் மரத்தூள், யார் மேலாவது சரிந்தாலும் எலும்பு முறியாது. உயரம் நாலரை அடி, உட்பக்கம் ஒரு அடி உயரப் படி. ஏறி நின்றால் முகம் முழுதாகத் தெரியும், இறங்கிக் குனிந்தால் மறையும், அந்த ஒரு அடியிலேயே ஒரு நடிகர் தன் பயத்தையும் துணிவையும் காட்டிவிடலாம்.

வண்டியை அடியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆம்புலன்ஸ் வந்தால் மூன்று நிமிடத்தில் நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். சட்டத்தையும் இரண்டு துண்டாகவே கட்டுங்கள், முதல் நாள் காலை கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பின்பக்கம் சாக்பீஸால் எண் போட்டு, ஒவ்வொரு 'கட்'டுக்குப் பிறகும் போட்டோ எடுங்கள். எண் 14 பெஞ்ச் ஒரு ஷாட்டில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் இருந்தால் எடிட்டிங்கில் தலைவலி. பொருள் எல்லாம் முதல் பகுதியில் அந்தந்த வீட்டுக்குள் பார்த்தவையாகவே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வந்த பீரோவைத் தெருவுக்கு இழுத்து வரும்போது அந்த வீட்டுப் பெண் ஒரு நொடி தயங்கி, உள்ளே இருந்த புடவைகளை அள்ளிக்கொண்டு, பிறகு தானே ஒரு கை கொடுக்கிறாள். இப்படி ஒரு ஷாட் இருந்தால் தடுப்பரண் உடையும்போது வெடி தேவையில்லை.

கூட்டத்துக்கு 60 பேர் போதும். ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு, ஒவ்வொன்றுக்கும் நடிப்பில் கொஞ்சம் பழக்கமுள்ள ஒருவர் தலைவர். குழுவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: இவர்கள் தண்ணீர் சுமப்பவர்கள், இவர்கள் செங்கல் உடைப்பவர்கள், இவர்கள் வயதானவர்களைப் பின்சந்து வழியாகக் கொண்டுபோகிறவர்கள். 'பயப்படுங்கள்' என்று சொன்னால் புதுமுகம் கண்ணை உருட்டும். 'இந்த நான்கு குடத்தையும் சிந்தாமல் அந்தத் திண்ணைக்குக் கொண்டுபோ, நடுவில் சத்தம் கேட்டால் குனி' என்று சொன்னால் பயம் தானாக வரும். 85 முதல் 135 மில்லிமீட்டர் லென்ஸ், 40 அடி தள்ளி கேமரா. ஆட்களை வரிசையாக நிறுத்தாமல் 30 அடி ஆழத்துக்கு முன்பின்னாகக் கலைத்து நிறுத்துங்கள். ஃபிரேமின் இரண்டு ஓரத்திலும் பாதி வெட்டுப்பட்ட முகங்கள் இருந்தால் கூட்டம் வெளியேயும் தொடர்கிறது என்று கண் நம்பும். ஓரத்தில் அரை அடி காலி தெரிந்தாலும் மாயம் கலைந்துவிடும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், கழிவறைக்கு இரண்டு வீட்டோடு முன்கூட்டியே பேச்சு, பேட்டாவை அன்றன்றே கையில் கொடுப்பது, இந்த மூன்றும் தவறினால் இரண்டாவது ஞாயிறு பாதிப் பேர் வரமாட்டார்கள்.

படப்பிடிப்புக்கு ஜனவரியும் பிப்ரவரியும்தான் சரி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும், கண் குழிகள் கறுத்துப்போகும். ஜனவரி நடுவில் நண்பகலில்கூட சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்தில் தெற்கே சாய்ந்திருப்பதால், கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் தெற்கு வரிசை வீடுகள் நாள் முழுக்க நிழல் தரும். முகங்களை அந்த நிழலில் வைத்து எதிர்ச் சுவரின் வெளிச்சத்தைப் பயன்படுத்தினால் ரிஃப்ளெக்டர்கூட அதிகம் வேண்டாம். போகி அன்று காலை ஊரே புகையாக இருக்குமே, அதில் எடுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம், மறுநாள் அதே புகை கிடைக்காது.

தியேட்டருக்கு நொடிக்கு 24 ஃபிரேமில் எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 180 டிகிரி ஷட்டரில் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தைச் சொல்லும் அளவு இது) டியூப் லைட்டும் தெருவிளக்கும் துடிக்கலாம். 172.8 டிகிரி வைத்தால் அந்த நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, துடிப்பு நிற்கும். சண்டையில் அசைவு வெட்டி வெட்டித் தெரிய வேண்டுமென்றால் 86.4 டிகிரி, அதாவது நூறில் ஒரு பங்கு. அதற்கும் கீழே 45 டிகிரிக்கெல்லாம் போனால் பகலில் பரவாயில்லை, விளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

கலரில் எடுத்து, பிறகு கணினியில் நிறம் திருத்தும் டிஐ-யில் கறுப்பு வெள்ளையாக்குவதாக இருந்தால், மானிட்டரில் முதல் நாளிலிருந்தே கறுப்பு வெள்ளைதான் தெரிய வேண்டும். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் கலரில் பளிச்சென்று பிரியும், சாம்பலில் ஒன்றாகக் கலந்துவிடும். உடைகளை எல்லாம் சுவரில் தொங்கவிட்டு போனில் கறுப்பு வெள்ளை போட்டோ எடுத்துப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். மாற்றும் விகிதத்துக்குச் சிவப்பு 30, பச்சை 59, நீலம் 11 என்று தொடங்குங்கள். முகங்களை வெளுப்பாக்கச் சிவப்பை ஏற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நம் ஜனங்களின் தோல் அப்போது சுண்ணாம்பு பூசினாற்போல உயிரற்றுப்போகும், ரத்தமும் வெளிறிவிடும். கறுப்பு முகம் கறுப்பாகவே, கன்ன எலும்பில் ஒரு கோடு வெளிச்சத்தோடு இருக்கட்டும், இந்தப் படத்தின் அழகே அதுதான்.

புகைக்கு டயரோ வைக்கோலோ எரிக்கக் கூடாது. ஃபாக் மெஷின் இரண்டு போதும். 1500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும், வீட்டின் சின்ன பிளக்கில் செருகினால் ஃப்யூஸ் போய்த் தெருவாசியின் நல்லெண்ணமும் போகும். 15 ஆம்பியர் பிளக் அல்லது ஜெனரேட்டர் வையுங்கள். புகைக் காட்சிகளை விடிந்ததிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், வெயில் ஏற ஏறக் காற்று எழும், சந்து அதைப் புனல் மாதிரி இழுத்துப் புகையைக் கலைத்துவிடும். இடிபாட்டுத் தூசிக்கு முல்தானி மட்டியும் கார்க் தூளும் கலந்து கம்ப்ரஸர் காற்றில் ஊதலாம், சிமென்ட் கூடவே கூடாது, கண்ணும் நுரையீரலும் பாழாகும். வெடிமருந்து வேண்டாம். குண்டு விழும் கணத்தைக் காட்டாமல், சத்தம் கேட்டதும் பாத்திரங்கள் அதிர்வதையும் இரண்டு நொடி கழித்து வாசலுக்குள் தூசி நுழைவதையும் காட்டினால் போதும்.

அப்படிச் செய்தால் பாரம் முழுக்க ஒலியின் மேல் விழும், பணத்தை அங்கே போடுங்கள். தெருவில் பதிவாகும் வசனம் ஹாரனிலும் காக்கைச் சத்தத்திலும் மூழ்கும், டப்பிங் தவிர்க்க முடியாது. ஆனால் அதே தெருவின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்: அதிகாலை நாலரை மணி அமைதி பத்து நிமிடம், இரும்புக் கதவு, குடம் உருளும் சத்தம், மாடிப்படியில் வெறுங்கால் ஓட்டம். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சந்தின் நடுவில் ஒரு பெரிய பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பதிவு செய்யுங்கள். டப்பிங் குரலுக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் மிக்ஸிங்கில் அதே எதிரொலியைப் போட்டால் ஏசி அறையில் பேசியது தெருவில் பேசியதாகிவிடும். கூட்ட இரைச்சலுக்கு இருபது பேரை வைத்து, அருகில், இருபது அடியில், சுவருக்குப் பின்னால் என்று மூன்று முறை பதிவு செய்து அடுக்கினால் போதும்.

இசை மிகக் குறைவாக இருக்கட்டும். அல்ஜியர்ஸ் படத்தில் கஸ்பாவில் வெடித்த குண்டில் இறந்தவர்களுக்கும், பிரெஞ்சுக்காரர் பகுதியில் இறந்தவர்களுக்கும் ஒரே இசைதான் வரும். யாருக்காகத் துக்கப்பட வேண்டும் என்று படம் ஆணையிடவில்லை. அந்தப் படத்தின் கர்னலும் முட்டாளோ அரக்கனோ இல்லை, தன் வேலையைத் தெளிவாக, தர்க்கத்தோடு செய்கிறவர், அதனால்தான் அவரைப் பார்த்தால் குலை நடுங்குகிறது. உங்கள் படையெடுப்பாளனுக்கும் ஒரு பழக்கம் கொடுங்கள். வெயிலில் வியர்த்துப்போய் எந்த வீட்டுத் திண்ணையிலாவது ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துத் தண்ணீர் கேட்கிறான், வீட்டுக்காரி கொடுக்கிறாள், ஏனென்றால் கேட்டவனுக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் அவனே அந்தத் தெருவில் சுடுகிறான்.

எடிட்டிங்கில் முதல் வெட்டு இரண்டு மணி நேரம் வரும். குறைக்க வேண்டியது சண்டையை, முதல் 25 நிமிடத்தை அல்ல. நண்பர்கள் எல்லோரும் 'ஆரம்பம் மெதுவாக இருக்கிறது' என்பார்கள். தெருவையே பார்த்திராத இரண்டு பேரைக் கூப்பிட்டுப் படம் காட்டி, முடிந்ததும் ஒரு தாளில் தெருவை வரையச் சொல்லுங்கள். அடிபம்பையும் டீக்கடையையும் வளைவையும் சரியான இடத்தில் போட்டால் ஆரம்பத்தைத் தொடாதீர்கள். தவறாகப் போட்டால் எந்த ஷாட் குறைகிறது என்று அந்தத் தாளே காட்டும்.

திரையிடலுக்கு முன் டிசிபி-யை, அதாவது தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியை, நிஜத் தியேட்டரில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரண புரொஜெக்டரில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பலாக எழும்பும். ஆகவே இரவுக் காட்சிகளில் முகத்தின் வெளிச்சப் பக்கம் வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 30 சதவீதத்துக்குக் கீழே போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் போலத் தெரியச் சேர்த்த கிரெய்ன் (புள்ளித் துகள்) மானிட்டரில் அளவாகவும் பெரிய திரையில் எறும்பு ஊர்வதாகவும் தெரிந்தால் பாதியாகக் குறைத்து மறுபடி ரெண்டர் போடுங்கள். ஓடிடி-க்குத் தரும் பிரதியில் இன்னும் குறையுங்கள், அங்கே சுருக்கும்போது கிரெய்ன் கட்டம் கட்டமாக உடையும், முதலில் கெடுவது புகைக் காட்சிகள்தான்.